ஐந்தங்குலம் வளர்ந்த காமாட்சி

ஆகஸ்ட் பதினான்கு, புதன்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழும்பினேன். குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு வாளிகளையும் அண்டாவையும் நிரப்பினேன். இடியப்பம், சொதி, சம்பல். யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணன் பஸ்ஸில் போட்டுவிட்ட கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை வைக்கோலுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, பழுத்த மூன்றை வெளியே எடுத்து வைத்தேன். கணவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். ஏழரைக்கு வீட்டைப் பூட்டினோம்.

டயரியில் அந்தப் பக்கத்தின் மேல்பாதி இவ்வளவுதான். கீழ்ப்பாதியில் என் எழுத்து சிறுத்து, ஓரம் வரை போய், மறுநாள் பக்கத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. ஒரு நாள் இன்னொரு நாளின் இடத்தைப் பிடிக்க நான் சாதாரணமாக விடுவதில்லை.

சண்டை நிறுத்தம் வந்து, வடக்குப் பாதை திறந்த வருடம் அது. 'அண்ணன் பஸ்ஸில் போட்டுவிட்ட' என்று மூன்று சொல்லில் எழுதிவிட்டேன். அந்த மூன்று சொல்லுக்காக எத்தனை வருடம் காத்திருந்தோம் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

நாவுலையில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி எழுதிய பிறகு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "கம்பியூட்டர் வந்த பிறகு உங்கள் கந்தோரில் சிரிப்பதற்கு என்ன இருந்தது?" அவருக்கு அந்தப் புதன்கிழமையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

ஓரெழுத்துப் பாஷை

அப்போது நான் மாத்தளையில் ஒரு கந்தோரில் புள்ளிவிபர உத்தியோகத்தர். இருந்த ஒரே கம்பியூட்டருக்குப் பொறுப்பாளர் நசீர். வயது நாற்பதை நெருங்கியவர், உயரம் குறைவு, அதைப் பற்றி மற்றவர்கள் பகிடி பண்ண முதலே தானே பண்ணிவிடுவார். கம்பியூட்டரை மூடி வைக்க அவருடைய மனைவி பழைய ஜன்னல் சீலையில் ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தார். காலையில் நசீர் அதை எடுத்து உதறி, நாலாக மடித்து, கதிரையின் முதுகில் போடுவார். அதன் பிறகுதான் எங்கள் கந்தோரில் வேலை தொடங்கியதாகக் கணக்கு.

கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வந்திருந்தார். சிங்களவர், மென்மையாகப் பேசுகிறவர். தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருப்பதைப் பற்றிய ஓர் ஆய்வு அவருடையது. உக்குவளைக்கு மேலே, வெள்ளைப்பாறைத் தோட்டம் என்று நான் இங்கே பெயர் வைக்கும் ஒரு தோட்டத்தில் முதலில் ஒரு சுற்று எல்லோரையும் அளந்தார்கள்: உயரம், நிறை, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம். பிறகு இரண்டு வருடம் இரும்புச்சத்து மாத்திரை, எங்கள் பேச்சில் குளுசை, கொடுத்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் பின்னால் கீரைப் பாத்தி போட வைத்தார்கள். அதன் முடிவில் இரண்டாவது சுற்று அளவு. முன்னையதையும் பின்னையதையும் ஆளுக்கு ஆள் பொருத்திப் பார்த்து, இரத்தம் கூடியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும்.

அதற்கென்று டொக்டர் ஒரு மென்பொருளைக் குறுந்தட்டில் கொண்டுவந்திருந்தார். காசு கொடுக்கத் தேவையில்லாத மென்பொருள். பெயர் ஆங்கிலத்தில் ஓரெழுத்து: ஆர். தொலைபேசியில் அம்மா, "இப்ப என்ன பழகிறாய்?" என்று கேட்டபோது, "ஆர்" என்றேன். "ஆரெண்டு என்னைக் கேட்டால்? நீதானே பழகிறாய்" என்றார்.

அதில் 'மேட்ச்' என்று ஒரு கட்டளை. ஒரு பட்டியலையும் இன்னொரு பட்டியலையும் கொடுத்தால், முதலாவதில் இருக்கும் ஒவ்வொன்றும் இரண்டாவதில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். எண்பத்தேழு எங்கே? பதினான்காவது இடத்தில். தொண்ணூறு எங்கே? மூன்றாவது இடத்தில். இல்லாவிட்டால் 'என்ஏ' என்று இரண்டு எழுத்தைத் துப்பிவிட்டு அடுத்ததற்குப் போகும். இடம் தெரிந்தால் போதும். அந்த இடத்தில் இருக்கும் உயரத்தையும் இரத்த அளவையும் தூக்கிக்கொண்டு வந்து பழையதற்குப் பக்கத்தில் வைக்கலாம்.

இன்னொரு கட்டளை, இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். எங்கே என்பது ஒரு கேள்வி, உண்டா என்பது வேறொரு கேள்வி என்பதை டொக்டர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். நான் இரண்டையும் இரண்டு நிற மையில் குறித்துக்கொண்டேன்.

ஒருவர் வாசிக்க, ஒருவர் தேட

இந்த வேலை எனக்குப் புதிது அல்ல. கம்பியூட்டர் வருவதற்கு முன் இரண்டு பட்டியல்களைப் பொருத்துவதென்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாசிப்பார். மற்றவர் அடிமட்டத்தைத் தாளில் நகர்த்தித் தேடி, "இருக்கு" அல்லது "இல்லை" என்பார். இருந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு சரி. இல்லாவிட்டால் நீலத்தால் ஒரு வட்டம்.

அதற்கு முன் யட்டவத்தைக் கந்தோரில் எனக்கு வாய்த்த ஜோடி, ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த ஒரு கிளாக்கர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குக் கண் சொருகும். அடிமட்டம் ஓரிடத்தில் நின்றுவிடும். ஆனால் வாய் மட்டும் ஒழுங்காக, "இருக்கு… இருக்கு… இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். காலைப் பட்டியல்களில் காணாமல் போனவர்கள் பலர். பின்னேரப் பட்டியல்களில் எல்லோரும் இருந்தார்கள். நான் அடுத்த நாள் காலையில் அவற்றைத் திரும்பவும் வாசிப்பேன். அவர் கோபிக்க மாட்டார்.

என்னைப் பட்டியலில் தேடிய நாளும் உண்டு. அம்மாவைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு பயணத்தில், சோதனைச் சாவடியில், இளம் சிப்பாய் ஒருவன் என் அடையாள அட்டையை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கை விரலை ஒரு தாளில் மேலிருந்து கீழே இறக்கினான். ஓர் எண்ணில் விரல் நின்றது. என் முகத்தைப் பார்த்தான். திரும்பவும் தாளைப் பார்த்தான். எனக்குப் பின்னால் நின்ற பெண் தன் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பிறகு விரல் நகர்ந்தது.

'இல்லை' என்ற பதிலுக்கு நான் அவ்வளவு ஆசைப்பட்டது அந்த ஒரு முறைதான். திரையில் என்ஏ வரும்போதெல்லாம் நசீர் பல்லைக் கடிப்பார். எனக்கு அந்த இரண்டு எழுத்தின் மேல் கோபமே வருவதில்லை.

வளர்ந்தவர்கள்

அந்தப் புதன்கிழமை ஒன்பது மணிக்கு ஃப்ளொப்பியை நுழைத்தோம். இரண்டு சுற்றுத் தாள்களும் கொழும்பில் இருந்தன. அங்கேயே கம்பியூட்டரில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பெண்களின் இரத்த விபரம் யாருடையது என்று வெளியில் தெரியக்கூடாது என்பது டொக்டரின் கண்டிப்பான விதி. அதனால் பெயர்களை ஏற்றவில்லை. தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர்தான் எங்களுக்கு ஆள்.

மேட்ச் நன்றாக ஓடியது. என்ஏ ஒன்றுகூட இல்லை. எங்கள் மூவருக்கும் அதில் பெருமை. நசீர் கன்டீனுக்கு ஆளனுப்பி மூன்று பிளேன்ரீயும் மீன் பணிஸும் எடுப்பித்தார்.

இரத்தத்துக்குப் போகும் முன் உயரத்தைப் பார்ப்போம் என்றேன். வளர்ந்த பெண்களின் உயரம் இரண்டு வருடத்தில் மாறாது. ஆகவே அளவு சரியாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அது நல்ல வழி. பின்னையதிலிருந்து முன்னையதைக் கழித்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தச் சொன்னேன்.

நசீர் திரையைப் பார்த்தார். பணிஸை மேசையில் வைத்தார்.

"மிஸ், இங்க கொஞ்சம் வாங்க. எம்பத்தேழாம் நம்பர் பொம்புள அஞ்சு அங்குலம் வளந்திருக்காங்க."

"ரைப் பண்ணினதில பிழை இருக்கும்."

"அப்ப அடுத்தவங்க நாலு. அதுக்கு அடுத்தவங்க நாலரை… இல்ல, நான் மாத்திச் சொல்றேன், நாலரைதான் முந்தி. கீழ பாருங்க, ரெண்டு பேர் சுருங்கியும் போயிட்டாங்க."

"வயசு?"

"அத ஏன் கேக்குறீங்க. வளந்தவங்க எல்லாம் முப்பது வயசு கொறஞ்சிருக்காங்க." கதிரையோடு என் பக்கம் திரும்பினார். "மிஸ், அந்தக் குளுசை மிச்சமிருந்தா எனக்கு ஒரு கார்ட் எடுத்துத் தாங்க. வீட்டுல அவங்களுக்குப் பக்கத்துல நின்னு ஒரு படம் புடிக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். டொக்டர் சிரிக்கவில்லை. தோட்டத்தில் வயது எப்போதும் உத்தேசம்தான், அதை விட்டுவிடலாம் என்றார். உயரத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒருவர் இருவர் என்றால் தட்டச்சுப் பிழை. ஒரு டசினுக்கு மேல் இருந்தார்கள்.

பிறகு சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார்: "அந்த மருத்துவிச்சி உயரம் அளக்கும் பலகையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறவில்லை. வீட்டில் இருந்து எழுதியிருக்கிறார்."

மருத்துவிச்சி என்று அவர் சொன்னது செல்வமணியை. அந்தத் தோட்டத்தின் மிட்வைஃப். இரண்டு சுற்றையும் அளந்தவர், குளுசை கொடுத்தவர், கீரை விதைக்க வைத்தவர், எல்லாம் அவர்தான். மாதத் தொடக்கத்தில் கந்தோருக்கு வருவார். ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை ஒன்று வைத்திருப்பார். இரத்தம் பார்க்கும் குச்சி போதாது என்று சண்டை பிடித்து, கேட்டதற்கு மேல் இரண்டு பெட்டி வாங்காமல் போக மாட்டார்.

டொக்டருடைய வாதம் நேரானது. உயரம் கற்பனை என்றால் இரத்தமும் கற்பனையாக இருக்கலாம். இரண்டாம் சுற்றைத் தள்ளிவிட வேண்டும். செல்வமணியை இந்த வேலையிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாம் சுற்று இல்லையென்றால் குளுசைத் திட்டம் அந்தத் தோட்டத்தோடு நின்றுவிடும். மற்றத் தோட்டங்களுக்குப் போகாது. கொழும்பில் முடிவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நாளைக் காலையில் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது.

இடது குதி

என் கணவரின் செருப்புக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அன்று எனக்கு உதவியது அதுதான்.

அதற்கு முந்திய மாசி மகத்தில் அம்மன் கோயில் தேர் பார்த்துவிட்டு, வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் அவர் தன்னுடையதைத் தேடினார். கறுப்பு, எட்டாம் நம்பர், இரண்டு வார். முதலில் கண்ணில் பட்டதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அளவு சரி. நிறம் சரி. நான்தான் படியில் கழற்றி வைத்ததைப் பார்த்துவிட்டு, "இது உங்கடை இல்லை" என்றேன்.

"எட்டாம் நம்பர்தானே?"

"எட்டாம் நம்பர்தான். ஆனால் இடது குதி தேய்ஞ்சிருக்கு. நீங்கள் தேய்க்கிறது வலது."

அவர் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்தார். "அப்ப இடது குதி தேய்க்கிற ஒருத்தர் இப்ப என்ரை செருப்போட போய்க்கொண்டிருக்கிறார்" என்றார். அதோடு அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

மேட்ச் கட்டளையும் என் கணவரைப் போலத்தான். எட்டாம் நம்பர் கண்டால் திருப்தி. திரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்தத் தேய்ந்த குதி என் ஞாபகத்துக்கு வந்தது.

"டொக்டர், நாங்கள் இவ்வளவு நேரமும் நம்பரைத்தான் பார்த்திருக்கிறோம். ஆளைப் பார்க்காமல் சொல்ல வேண்டாம்" என்றேன். "பின்னேரம் ஜீப் சும்மா நிற்கிறது."

அவர் நியாயமான மனிதர். மணிக்கூட்டைப் பார்த்தார். சரி என்றார்.

பலகை

உக்குவளை தாண்டியதும் பாதை ஏறத் தொடங்கும். வீட்டு முற்றங்களில் பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். ஜீப்புக்குள் அந்த நெடி வந்து டிரைவர் இரண்டு முறை தும்மினார்.

செல்வமணி தோட்டத்து மருந்தகத்தின் வாசலில் நின்றார். எதற்கு வந்தோம் என்று நான் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்லலாமோ அவ்வளவு மெதுவாக.

"மிஸ், நான் எழுதினது பொய்ன்னு சொல்றாரா?"

"அப்பிடிச் சொல்லேல்லை. கேக்கிறார்."

"ரெண்டும் ஒன்னுதான்." உள்ளே போய் பலகையின் ஒரு முனையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். தோட்டத்துத் தச்சர் செய்த பலகை. ஆளுயரத்துக்கு மேல், பலா மரம், நடுவில் அளவு நாடா ஆணி அடித்து இறுக்கியது. "நானும் பிள்ளைங்களப் பாத்துக்கிற பிள்ளைக்காம்பரா ஆயம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கமா இத தூக்கிட்டு மேக்கணக்கு, கீக்கணக்குன்னு எல்லாப் பக்கமும் போனோம். அட்டை கடிச்ச தடம் கால்ல இருக்கு. பலகை அமத்தின தடம் தோள்ல இருக்கு. எதக் காட்டட்டும், கேளுங்க."

நான் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் பலகையைத் தடவிப் பார்த்தார். நாடா இழுபட்டிருக்கலாம் என்றார்.

"அப்ப அவரையே ஏறி நிக்கச் சொல்லுங்க."

டொக்டர் சப்பாத்தைக் கழற்றினார். வலது காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. செல்வமணி அவருடைய குதியைப் பலகையோடு ஒட்ட வைத்து, நாடியைப் பிடித்து நிமிர்த்தி, தலையில் மட்டப்பலகையை இறக்கினார். தான் ஐந்தடி ஏழங்குலம் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஐந்தடி ஆறரை என்றது பலகை. நான் என் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் இரும்பு நாடாவால் திரும்ப அளந்தேன். ஐந்தடி ஆறரை.

"ஐயா அர அங்குலம் கொறஞ்சிட்டாரு" என்றார் செல்வமணி. "கொழும்புல சாப்பாடு பத்தாது போல."

மருந்துக்கு வந்து வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்கள். இதை மொழிபெயர்க்கலாமா என்று யோசித்து, மொழிபெயர்த்தேன். அன்று முதல் முறையாக டொக்டர் சிரித்தார். ஆனால் பலகை சரி என்றால் எழுதியவர்தான் பிழை என்ற இடத்துக்கே கணக்கு திரும்பவும் வந்து நின்றது. அது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. செல்வமணிக்கும்.

எம்பத்தேழு

நாலரைக்கு மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு ஆடிக்கொண்டிருந்தது. பச்சைக் கொழுந்தின் வாசம் மூக்கில் ஏறியது. வளர்ந்த பெண்களின் நம்பர்களை நான் ஒரு துண்டில் குறித்து வைத்திருந்தேன். நிறுத்து முடிந்ததும் அவற்றைக் கூப்பிடும்படி கணக்கப்பிள்ளையைக் கேட்டேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்: "எம்பத்தேழு."

"நாந்தாங்க" என்று தராசுப் பக்கமிருந்து ஒரு குரல்.

"நாந்தாங்க" என்று வாசல் பக்கமிருந்து இன்னொரு குரல்.

தராசுப் பக்கமிருந்து கூடையோடு வந்தவள் உயரமான இளம்பெண். வாசல் பக்கமிருந்து எழுந்து வந்தவர் ஐம்பத்தைந்து வயதிருக்கும் குட்டையான பெண். கையில் வெற்றிலைப் பை. இருவரும் மேசைக்கு முன்னால் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். அந்தத் தலைகளின் உயரத்துக்கு நடுவில் ஐந்து அங்குலம் இருந்தது.

"ஒரு நம்பருக்கு ரெண்டு பேரா?" என்றேன்.

"என் நம்பருங்க" என்றார் மூத்தவர். பெயர் காமாட்சி. "பதினாறு வயசுல பேர் பதிஞ்ச நம்பரு."

"இப்ப என் நம்பருங்க" என்றாள் இளையவள். பெயர் சுமதி. "மாமி போன வருசம் பென்ஷன் வாங்கினாங்க. எனக்குப் போட்டுக் குடுத்தாங்க."

"நான் சொன்னதாலதான் போட்டாங்க. ராசியான நம்பரு, கண்டவளுக்கும் போயிறக் கூடாதுன்னு பெரிய கிளாக்கர்கிட்ட நாந்தான் போய் நின்னேன்."

"நம்பரக் குடுத்தீங்க மாமி. கூடவே கூடையையும் என் தலையில மாட்டிட்டீங்க."

"பாத்தீங்களா?" என்று காமாட்சி எங்களைப் பார்த்தார். "பென்ஷன் வாங்கின பொறகும் யாராச்சும் எம்பத்தேழுன்னா எனக்கு வாய் தானா தொறக்குது. என்ன செய்ய."

நான் சொல்லச் சொல்ல டொக்டர் கேட்டுக்கொண்டு நின்றார். முதல் சுற்றில் அளந்தது யாரை என்று கேட்கச் சொன்னார். காமாட்சி கையைத் தூக்கினார். இரண்டாவது சுற்றில்? சுமதி.

"நீங்கள் ஐந்தங்குலம் வளர்ந்துவிட்டீர்கள் என்று எங்கள் கம்பியூட்டர் சொல்லுது" என்றேன் காமாட்சியிடம்.

அவர் மருமகளை மேலும் கீழும் பார்த்தார். "வளந்தது இவ வாய் மட்டுந்தாங்க."

மடுவம் முழுக்கச் சிரித்தது. அடுத்த நம்பருக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அதற்கு அடுத்ததற்கு அக்காவும் தங்கையும். சுருங்கிப் போன நம்பருக்கு ஓர் உயரமான மாமியாரும் ஒரு சின்ன மருமகளும். அந்தத் தோட்டத்தில் ஓய்வு பெறுகிறவரின் நம்பர் வீட்டை விட்டுப் போவதில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் பலர் சேர்ந்தாற்போல் ஓய்வு பெற்றிருந்தார்கள். எண்பத்தேழு என்றால் ஓர் ஆள் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு அது ஒரு வீடு.

"இது உங்களுக்குத் தெரியாதா மிஸ்?" செல்வமணி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மொத ரவுண்டு நம்பருங்களையே கூப்பிட்டு அளக்கணும்னு பேப்பர்ல போட்டிருந்தீங்க. கூப்பிட்டோம். வந்தவங்கள அளந்தேன். புது ஆளுன்னா புதுப் பேரத்தானே எழுதி அனுப்பினேன்."

பெயரைப் பற்றி அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தபோது டொக்டர் கண்ணை மூடித் திறந்தார். "பெயர்களை வேண்டாம் என்றது நான்" என்றார்.

வேறு வழி இருந்தது. ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அது ஆளோடு போவது, மருமகளுக்குக் கிடைக்காது. இரண்டு வருடத்துக்கும் அந்த எண்களைத் தருவதாகப் பெரிய கிளாக்கர் ஒப்புக்கொண்டு, அன்று மாலையே பிரதி எடுத்துக் கொடுத்தார். இரண்டு எண்ணும் பொருந்தினால்தான் ஆள் பொருந்தியதாக எடுப்போம். மாமியார் மருமகள் ஜோடிகளை வெளியே எடுத்துவிடுவோம்.

ஜீப்பில் ஏறும்போது செல்வமணி குடையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "அப்ப எனக்கு இந்த வேலை இருக்கா இல்லையா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

கொழும்போடு பேசாமல் தான் எதுவும் சொல்ல முடியாது, நாளைக் காலையில் சொல்கிறேன் என்றார் டொக்டர். அதை நான் தமிழில் சொன்னபோது செல்வமணி தலையை ஆட்டினார். அது சம்மதம் இல்லை.

உக்குவளைப் புகையிரதக் கடவையில் ஜீப் நின்றபோது டொக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார். சில வசனங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். 'ழ'வில் கொஞ்சம் தடுமாறினார். ரயில் போய் முடியும் வரை அதையே திரும்பத் திரும்ப உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மாம்பழம் வெட்டினேன். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இடது குதி" என்று மட்டும் சொன்னார். கொட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை

மறுநாள் கந்தோருக்கு நான் போனபோது டொக்டர் ஏற்கெனவே தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார். நசீர் வந்தார். முதல் நாள் பின்னேரம் முழுக்க எங்களுக்காகக் காத்திருந்தவர், நான் எல்லாவற்றையும் சொன்னதும், "அப்ப அந்தக் குளுசைல ஒன்னும் இல்லையா?" என்று பெருமூச்சு விட்டார். புதிய எண்களை ஏற்றி மேட்ச் கட்டளையை ஓட்டினால் இரத்தம் கூடியிருக்கிறதா இல்லையா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அவர் ஜன்னல் சீலை உறையின் ஒரு முனையைப் பிடித்தார்.

டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அது பிறகு என்றார்.

கொழும்பு இலக்கம் அவருக்கு முன்னால் எழுதி இருந்தது. அவர் கேட்டது தோட்டத்து இலக்கத்தை. நான் சுழற்றினேன். பெரிய கிளாக்கர் எடுத்தார், மருந்தகத்துக்கு ஆளனுப்பினார். காத்திருந்தோம். அந்தப் பக்கம் கதவு அடிபடுவதும், குடையை எங்கோ சாய்த்து வைப்பதும் கேட்டது.

டொக்டர் துண்டுத் தாளை விரித்தார்.

"மிஸ். நான் டொக்டர். உங்கள் அளவு எல்லாம் சரி. எங்கள் கேள்விதான் பிழை. வேலை இருக்கு."

பிறகு செல்வமணியின் குரல் எனக்கும் நசீருக்கும் கேட்கும்படி வந்தது.

"சரிங்க ஐயா. அப்ப மூணாவது ரவுண்டுக்கு வேற பலகை அனுப்புங்க. இது ரொம்பக் கனம்."

டொக்டர் ரிசீவரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, கனம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தாளின் அடியில் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகுதான் நசீர் உறையை எடுத்து உதறினார்.